போர் விமானமும் பயணிகள் விமானமும் நடுவானில் மோதினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் மேலிருந்து படிப்பது நல்லது.

நடுவானில மோதினா எல்லாரும் செத்துடுவாங்களா? ஒருத்தர்கூடப் பிழைச்சதே இல்லையா?

பிழைத்திருக்கிறார்கள். ஆனால் ராணுவ விமானமும் பயணிகள் விமானமும் மோதியவற்றில் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ராணுவ விமானத்தில் இருந்தவர்கள். 1971 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவின் துவார்டே அருகே ஹியூஸ் ஏர்வெஸ்ட் டிசி-9 விமானமும் அமெரிக்க மரைன் படையின் எஃப்-4 ஃபேன்டம் போர் விமானமும் மோதின. டிசி-9இல் இருந்த 49 பேரும் இறந்தார்கள். ஃபேன்டமின் பின்னிருக்கை அதிகாரி மட்டும் பிழைத்தார். அடுத்த மாதமே, ஜூலை 30 அன்று, ஜப்பானின் ஷிசுகுயிஷி வானில் ஆல் நிப்பான் நிறுவனத்தின் போயிங் 727உடன், பயிற்சியில் இருந்த எஃப்-86 போர் விமானம் மோதியது. 727இல் இருந்த 162 பேரும் போனார்கள். பயிற்சி விமானி உயிரோடு இறங்கினார்.

ராணுவ விமானம் என்றாலே தப்பிவிடலாம் என்றும் இல்லை. 1958 ஏப்ரல் 21 அன்று லாஸ் வேகாஸ் அருகே யுனைடெட் டிசி-7உடன் மோதிய எஃப்-100 போர் விமானத்தின் இரண்டு விமானிகளும், டிசி-7இல் இருந்த 47 பேருடன் சேர்ந்தே இறந்தார்கள். 1999இல் இங்கிலாந்தின் மேட்டர்ஸியில் டொர்னேடோ போர் விமானமும் செஸ்னா 152 என்ற சிறிய விமானமும் மோதியபோது நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஃபைட்டர் சின்னது, பயணிகள் விமானம் பெரிசு. அப்போ பெரிசுதானே தாங்கணும்?

சாலையில் லாரியும் காரும் மோதுவதை மனதில் வைத்துத்தான் இப்படிக் கேட்கிறார்கள். வானத்தில் அந்தக் கணக்கு ஓடாது. விமானத்தின் வெளித்தோல் சில மில்லிமீட்டர் அலுமினியம்தான். நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்களின் வேகமும் கூடிவிடும். லாஸ் வேகாஸ் மோதலில் அந்தக் கூட்டு வேகம் 665 நாட், அதாவது விநாடிக்கு 342 மீட்டர். அந்த வேகத்தில் எதிர்விமானத்தின் இறக்கை ஒரு கத்தி.

ஆகவே எடையை விட, எந்த இடத்தில் வெட்டு விழுந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. மிக மோசமான இடம் வால். வாலில் இருக்கும் கிடைமட்ட இறக்கைதான் விமானத்தின் மூக்கை மேலும் கீழும் சாயாமல் பிடித்திருக்கிறது. அது போனால் இரண்டு எஞ்சினும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விமானம் தலைகுப்புற விழும். ஷிசுகுயிஷியில் அடிபட்டது 727இன் வால்தான். 1986இல் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் ஒரு சிறிய பைப்பர் விமானம் ஏரோமெக்ஸிகோ டிசி-9இன் வால் இறக்கையைப் பிய்த்ததும் அந்தப் பெரிய விமானம் நேராகக் கீழே போயிற்று. (அந்த மோதலில் ராணுவம் இல்லை.)

இறக்கை பிஞ்சு போயும் தரையிறங்கினதா சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். 1965 டிசம்பர் 4 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்மல் அருகே டிடபிள்யூஏ நிறுவனத்தின் 707உம் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷனும் ஆகிய பயணிகள் விமானங்கள் 11,000 அடியில் மோதின. 707 இடது இறக்கையின் வெளிப்பகுதியை இழந்தும் கென்னடி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. கான்ஸ்டலேஷனுக்கு வாலில் அடி. மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு போய்விட்டது. கேப்டன் சார்லஸ் வைட் எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே அதை ஒரு குன்றின் மேய்ச்சல் நிலத்தில் இறக்கினார். 54 பேரில் 50 பேர் பிழைத்தார்கள். பயணி ஒருவரை மீட்க எரியும் விமானத்துக்குள் மறுபடி போன வைட் திரும்பி வரவில்லை.

இறக்கையின் நுனிப் பக்கம் போனால் நம்பிக்கை உண்டு. அடிப்பக்கம் போனால் பெரும்பாலும் இல்லை. தூக்குவிசையின் பெரும்பங்கு உடலை ஒட்டிய பகுதியில்தான் பிறக்கிறது. 2006இல் அமேசான் காட்டின் மேல் 37,000 அடியில் கோல் நிறுவனத்தின் போயிங் 737உடன் மோதிய லெகசி 600 என்ற சிறிய ஜெட், இறக்கை நுனியின் மடிப்பையும் வாலில் ஒரு துண்டையும் இழந்தது. அதில் இருந்த ஏழு பேரும் காச்சிம்போ ராணுவத் தளத்தில் இறங்கினார்கள். 737இன் இடது இறக்கையில் ஏறத்தாழ பாதி வெட்டுப்பட்டது. 154 பேர் இறந்தார்கள். ஒரே மோதலில் சிறியது பிழைத்து, பெரியது விழுந்தது.

ஃபைட்டர் பைலட் மட்டும் எப்படித் தப்பிக்கிறார்?

எஜெக்‌ஷன் சீட். கால்களுக்கிடையில் (சில விமானங்களில் தலைக்கு மேல்) இருக்கும் கைப்பிடியை இழுத்தால் வரிசையாக நடப்பவை இவை: கண்ணாடி மூடி கழன்று பறக்கும் அல்லது வெடித்து நொறுங்கும், பட்டைகள் தோளையும் கால்களையும் சீட்டோடு இறுக்கும், வெடிமருந்துக் குழல் சீட்டை மேலே தள்ளும், ராக்கெட் எரியும், சிறு பாராசூட் சீட்டை நிமிர்த்தும், பிறகு ஆளும் சீட்டும் பிரிந்து பெரிய பாராசூட் விரியும். எல்லாம் சில விநாடிகள். இரட்டை இருக்கை விமானத்தில் பின்னவர் முதலில் போவார். முன்னவர் முதலில் போனால் அவருடைய ராக்கெட் தீ பின்னவரைச் சுடும்.

இதற்கும் விலை உண்டு. உடல் எடையைப் போல 12 முதல் 20 மடங்கு விசை முதுகெலும்பின் மேல் ஏறும். முள்ளெலும்பு நசுங்குவது சகஜம். சீட் கைகொடுக்காத நேரமும் உண்டு. துவார்டேயில் முன்னிருக்கை விமானி வெளியேறவில்லை. ஷிசுகுயிஷி பயிற்சி விமானியால் சுழலும் விமானத்தில் சீட்டை இயக்க முடியவில்லை. மூடி ஏற்கெனவே கழன்றிருந்ததால் பெல்ட்டை அவிழ்த்துத் தானே வெளியேறி பாராசூட்டில் இறங்கினார்.

அப்போ பயணிகளுக்கும் ஆளுக்கொரு பாராசூட் குடுத்தா என்ன?

மோதலுக்குப் பிறகு விமானம் சுழலும், உடையும். அந்த நிலையில் 150 பேர் பட்டையை மாட்டி, வரிசையில் நின்று, வால்பக்கமோ எஞ்சினோ இடிக்காமல் குதிக்க வேண்டும். 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்கக் கிடைக்கும் நேரம் 30 முதல் 60 விநாடிதான். கேபின் காற்று சட்டென்று வெளியேறினால் அது பாதியாகும். வெளியே மைனஸ் 50 டிகிரி குளிர்.

முழு விமானத்துக்கே பாராசூட் என்பது சிறிய விமானத்தில் வேலை செய்கிறது. 2021 மே 12 அன்று டென்வர் அருகே சிரஸ் எஸ்ஆர்-22 ஒன்றும் மெட்ரோலைனர் சரக்கு விமானமும் மோதின. சிரஸ் தன் பாராசூட்டை விரித்துத் தரையில் இறங்கியது. மெட்ரோலைனரின் முதுகு பெரிதாகப் பிளந்திருந்தும் விமானி ஓடுபாதையில் இறக்கினார். அவர், சிரஸில் இருந்த இருவர் என மூவரில் யாருக்கும் காயமில்லை. ஆனால் சிரஸ் ஒன்றரை டன் சொச்சம். போயிங் 737 எழுபது டன்னுக்கு மேல் போகும்.

கிளைடர் ஓட்டுகிறவர்கள் மட்டும் வழக்கமாகவே முதுகில் பாராசூட் கட்டிக்கொள்வார்கள். 2009இல் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் டிரேய்ட்டனில் பிரிட்டிஷ் விமானப்படையின் டியூட்டர் பயிற்சி விமானமும் ஒரு கிளைடரும் மோதியபோது தப்பியவர் கிளைடர்காரர்தான். விமானப்படை விமானத்தில் இருந்த விமானியும் மாணவரும் இறந்தார்கள்.

5 கிலோமீட்டர் உயரத்திலேருந்து விழுந்து ஒரு பொண்ணு பிழைச்சதா படிச்சேன். கட்டுக்கதையா?

இல்லை, நடந்தது. 1981 ஆகஸ்ட் 24, சோவியத் தூரக் கிழக்கு. கொம்சொமோல்ஸ்க்கிலிருந்து பிளகவேஷ்சென்ஸ்க்குக்குப் போன ஏரோஃப்ளாட் ஆன்-24 பயணிகள் விமானமும் டியு-16 குண்டுவீச்சு விமானமும் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் மோதின. ராணுவக் கட்டுப்பாட்டு அறைக்கும் சிவில் கட்டுப்பாட்டு அறைக்கும் சரியான தொடர்பு இல்லை. இரண்டிலுமாக 37 பேர் இறந்தார்கள். தேனிலவு முடிந்து கணவருடன் வந்துகொண்டிருந்த 20 வயது லரீசா சாவித்ஸ்கயா மட்டும் பிழைத்தார்.

எப்படி என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். அவர் இருந்த உடைந்த துண்டு ஏறத்தாழ 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அது தரைக்கு வர எட்டு நிமிடம் ஆனது. 5,200 மீட்டரை 480 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 11 மீட்டர், மணிக்கு 40 கி.மீ. கூட இல்லை. வெறும் ஆளாக விழுந்திருந்தால் மணிக்கு 200 கி.மீ. வேகம் எட்டியிருக்கும். அந்தத் தகடு உதிர்ந்த இலையைப் போல அலைந்து அலைந்து இறங்கியிருக்கிறது. காற்று பிய்த்தெறியும் குளிரில் அவர் ஒரு சீட்டைப் பிடித்து அதில் தன்னை இறுக்கிக்கொண்டார். கீழே பிர்ச் மரங்கள். கிளைகள் மிச்ச வேகத்தை வாங்கிக்கொண்டன. முதுகெலும்பு பல இடங்களில் முறிந்த நிலையில், இரண்டு நாளுக்குப் பிறகு மீட்புக் குழுவினர் அவரைக் கண்டார்கள்.

அப்போ பின் சீட்டுல உட்கார்ந்தா பாதுகாப்பா?

நடுவான் மோதலுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எதிர்விமானம் எங்கே வெட்டும் என்பது யார் கையிலும் இல்லை. வாலில் வெட்டினால் என்ன ஆகும் என்று இரண்டாம் கேள்வியில் பார்த்தோம். பயணியின் கையில் இருப்பது பெல்ட் ஒன்றுதான். விளக்கு அணைந்தாலும் அதைக் கழற்ற வேண்டாம். கார்மல் போன்ற, தரையிறங்க முடிந்த மோதல்களில் அது உயிரைக் காக்கும்.

வானம் இவ்வளவு பெரிசு. வர்ற விமானம் பைலட் கண்ணுக்குத் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. எங்களைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுவே முக்கியம்.

எதிரே ஒன்றைக் கண்டு விலகுவதற்கு ஆகும் நேரத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இப்படிப் பிரிக்கிறது: கண்ணில் படுவது 0.1 விநாடி, விமானம் என்று புரிவது 1 விநாடி, மோதப்போகிறது என்று உணர்வது 5, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுப்பது 4, கை அசைவது 0.4, விமானம் திரும்பத் தொடங்குவது 2. மொத்தம் 12.5 விநாடி. லாஸ் வேகாஸின் 342 மீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் 4 கி.மீ.க்கு மேல் கடந்துபோகும். அந்தத் தூரத்தில் எஃப்-100இன் முன்தோற்றம் எவ்வளவு? உடல் அகலம் 2 மீட்டர் என்று வைத்தால், கையை நீட்டிப் பிடித்த கண்ணாடித் துண்டில் கால் மில்லிமீட்டர் புள்ளி. கண்ணாடியில் ஒட்டிய தூசியை விடச் சிறியது.

இன்னொரு பொறியும் உண்டு. மோதும் பாதையில் வரும் விமானம் உங்கள் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் நின்று, கடைசி நொடிகளில் திடீரென்று பெருக்கும். கண்ணோ நகர்வதைத்தான் உடனே பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும். விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்வது இதுதான்: நகராத புள்ளியே ஆபத்து. பார்வையை ஒரே வீச்சாக ஓடவிடாமல், வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தலையைச் சற்று நகர்த்தினால் சன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் வெளிப்படும்.

டிகாஸ்னு ஒரு கருவி இருக்கே, அது என்ன பண்ணுது?

கண்ணால் முடியாததை ரேடியோ அலையால் செய்கிறது. சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டரிடம் (கேட்டால் தன் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோவில் தானாகச் சொல்லும் கருவி) உயரத்தைக் கேட்டு, பதில் வரும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும். ஆபத்து நெருங்கினால், உயரத்தைப் பொறுத்து மோதலுக்கு 20 முதல் 48 விநாடிக்கு முன் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். 15 முதல் 35 விநாடிக்கு முன் ‘கிளைம்ப்’ அல்லது ‘டிசென்ட்’ என்று ஆணையிடும். இரண்டிலும் கருவி இருந்தால் ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கும். அந்த ஆணை வந்துவிட்டால், தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவியைத்தான் கேட்க வேண்டும். 2002இல் ஜெர்மனியின் யூபர்லிங்கனில் டியு-154 விமானிகள் கட்டுப்பாட்டாளரின் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள்; 71 பேர் இறந்தார்கள்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. எதிர்விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தால் டிகாஸுக்கு அது இல்லவே இல்லை. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு ஆணைகள் வராது. அந்த உயரத்தில் ‘இறங்கு’ என்று சொன்னால் தரையில் மோதவேண்டி வரும்.

ராணுவ விமானம் தன்னை ஏன் மறைச்சுக்கிட்டுப் பறக்கணும்?

போர்ப் பயிற்சியில் தன் இடத்தை ஊருக்கே அறிவிக்க எந்தப் படையும் விரும்பாது. அணியாகப் பறக்கும்போது நாலு டிரான்ஸ்பாண்டரும் ஒன்றாகப் பேசினால் ரேடார் திரை குழம்பும் என்பதால் தலைவருடையது மட்டும் ஓடுவதும் உண்டு. டிகாஸ் அணிப் பறத்தலுக்கே ஒத்துவராது. பக்கத்தில் பறக்கும் தோழரைக் கண்டு ஓயாமல் கத்தும்.

சில நேரம் மறைவுக்குக் காரணம் பழுதுதான். துவார்டேயில் மோதிய ஃபேன்டமின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை. ஆக்சிஜன் கசிந்ததால் உயரம் குறைத்துப் பறந்து, டிசி-9 ஏறிக்கொண்டிருந்த வானத்துக்குள் வந்தது. அப்படி ஒரு விமானம் அங்கே இருப்பதே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது.

வாஷிங்டன்ல 300 அடி உயரம்தான், கீழே ஆறு வேற. ஏன் ஒருத்தர்கூடப் பிழைக்கல?

குறைந்த உயரம் என்பது வரம் இல்லை. உயரம்தான் நேரம். கார்மலில் விமானிகளுக்கு 11,000 அடி இருந்தது, சேதத்தைப் புரிந்துகொண்டு வழி கண்டுபிடித்தார்கள். இங்கே சில விநாடிகூட இல்லை. ஹெலிகாப்டரில் எஜெக்‌ஷன் சீட்டும் இல்லை. உடைந்த விமானம் விழும் வேகத்தில் தண்ணீரும் தரையைப் போலவே தாக்கும்.

மோதல் நேர்ந்த விதத்தைப் பாருங்கள். அந்த ஹெலிகாப்டர் பாதையின் உச்சவரம்பு 200 அடி. 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அந்த வரம்புக்கும் நடுவே மிஞ்சியது, எல்லாம் சரியாக நடந்தால்கூட, 75 அடிதான். ஹெலிகாப்டர் 278 அடியில் இருந்தது. அதே வகை ஹெலிகாப்டர்களைச் சோதித்தபோது அவற்றின் காற்றழுத்த உயரமானி உண்மையை விட 80 முதல் 130 அடி குறைத்துக் காட்டக்கூடும் என்று தெரிந்தது. 75 அடி இடைவெளியில் 100 அடி பிழை! ‘விமானத்தின் பின்னால் கடந்து போ’ என்று கட்டுப்பாட்டு அறை சொன்ன கட்டளையின் ஒரு பகுதி, ஹெலிகாப்டரின் மைக் அதே நொடியில் அழுத்தப்பட்டதால் அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். பயணிகள் விமானத்தின் டிகாஸ் ‘டிராஃபிக்’ என்று எச்சரித்தது. டிகாஸ் பற்றிய பதிலில் சொன்ன காரணத்தால் அதற்கு மேல் ஆணை வரவில்லை. 2021 அக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அதே விமான நிலையத்தைச் சுற்றி விமானமும் ஹெலிகாப்டரும் மிக நெருங்கிய சம்பவங்கள் 15,214 பதிவாகியிருந்தன. மோதலுக்குப் பிறகே அந்தப் பாதையை மூடினார்கள்.

அதே நிலையத்தின் அருகே 1949 நவம்பர் 1 அன்று ஈஸ்டர்ன் டிசி-4உம் பொலிவியா வாங்கியிருந்த பி-38 போர் விமானமும் மோதின. டிசி-4இல் 55 பேரும் இறந்தார்கள். பொட்டோமாக் ஆற்றில் விழுந்த பி-38 விமானி படுகாயத்துடன் மீட்கப்பட்டார்.

மோதின பிறகும் விமானம் பறந்துக்கிட்டே இருந்தா பைலட் என்ன செய்வார்?

முதலில் எதையும் மாற்ற மாட்டார். பறக்கிற நிலையில் பறக்கவிட்டு, முடிந்தால் உயரத்தைக் காப்பார். பிறகு 10,000 அடி போலப் பாதுகாப்பான உயரத்தில் ஒரு சோதனை: வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எந்த வேகத்தில் விமானம் ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறது, அதை நிமிர்த்த ஸ்டிக்கை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார். தள்ளும் அளவு பாதியைத் தாண்டினால் அதுவே எல்லை. அதற்கு மேலான வேகத்திலேயே தரைதொட வேண்டும். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புத் தகடு) இறக்கினால் ஒரு பக்கம் மட்டும் இறங்கிக் கவிழ்க்கக்கூடும். சந்தேகம் இருந்தால் தொடக்கூடாது. நீளமான ஓடுபாதை, எதிர்க்காற்று, தீயணைப்பு வண்டி இவற்றைக் கேட்டுவிட்டு நேராக, அவசரமில்லாமல் இறங்குவார்.

1983இல் இஸ்ரேலின் எஃப்-15 போர் விமானம் ஒன்று பயிற்சியில் ஸ்கைஹாக் என்ற இன்னொரு போர் விமானத்துடன் மோதி வலது இறக்கையை ஏறத்தாழ முழுதாக இழந்தது. வழக்கத்தை விட இரண்டு மடங்கு வேகத்தில் தரைதொட்டே விமானி அதை இறக்கினார். வேகத்தைக் குறைத்திருந்தால் உருண்டிருக்கும்.

இந்தியாவுல இப்படி நடந்திருக்கா?

1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. சவூதியா போயிங் 747உம் கஜகஸ்தான் இல்-76உம் மோதி 349 பேர் இறந்தார்கள். இரண்டுமே சிவில் விமானங்கள். ஆனால் ராணுவத்தின் நிழல் அதில் உண்டு: டெல்லியைச் சுற்றிய வானத்தில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால், வருவதும் போவதும் ஒரே பாதையில் நடந்தன. 15,000 அடியில் நிற்கச் சொன்ன இல்-76, 747 இருந்த 14,000 அடிக்கு இறங்கியது. உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் அப்போது டெல்லியில் செயல்பாட்டில் இல்லை. பிறகு வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன; டிகாஸ் கட்டாயமாயிற்று.

தப்பு ராணுவத்தோடதுன்னா தண்டனை கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஷிசுகுயிஷிக்குப் பிறகு ஜப்பானின் பாதுகாப்புத் துறைத் தலைவர் பதவி விலகினார். பயிற்சி விமானியும், தன் விமானத்திலிருந்து அவரை வழிநடத்திய ஆசிரியரும் குற்றவாளிகள் என்று கீழமை நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் மாணவர் விடுதலையானார். 1983இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது. சோவியத்தில் 1981 மோதல் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்பட்டது. கணவரை இழந்து, முதுகெலும்பு முறிந்து மீண்ட சாவித்ஸ்கயாவுக்கு அரசு கொடுத்த இழப்பீடு 75 ரூபிள்.